காட்டிட்டு வந்தியா?

கார்த்திகை தீபத்துக்கு அக்கா செங்கத்திலிருந்து முதல் நாளே வந்துவிடுவாள். ஒரு பையில் மாற்றுப் புடவை, இன்னொன்றில் எங்களுக்குப் பொரி உருண்டை. பிறந்தது திருவண்ணாமலை, கட்டிக்கொடுத்தது செங்கம். மற்ற நாளில் வராவிட்டாலும் தீபத்துக்கு வராமல் இருக்க மாட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்திருந்தபோது, சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். அதற்கு முந்திய அரை மணி நேரம் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். புடவைக்கு மேலாகவே அக்குள் பக்கம் கையை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, இங்க சின்னதா கட்டி மாதிரி ஒண்ணு இருக்குதுடா. வலி கிலி ஒண்ணும் இல்ல."

நான் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலி இல்லன்னா ஒண்ணும் இருக்காதுக்கா. சூட்டுக் கட்டியா இருக்கும். எண்ணெய் தேய்ச்சுக் குளி."

அதற்குள் ஜோதி தெரிந்துவிட்டது. ஊரே அரோகரா என்றது. அக்காவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் இரண்டாவது முறை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த தீபமும் வந்து போய், தை பிறந்த பிறகுதான் வேலூருக்கு அழைத்துப்போனோம். மார்பில் இருந்தது அக்குள் நெறிகளுக்கும், அங்கிருந்து எலும்புக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து அவள் மகள் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "நாங்க அப்பவே டாக்டர்கிட்ட போலாம்னுதான் சொன்னோம் மாமா. அம்மாதான், என் தம்பி படிச்சவன், அவனே ஒண்ணும் இல்லன்னுட்டான், நீங்க இன்னா டாக்டரான்னு எங்க வாயை அடக்கிட்டாங்க."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அக்கா என் வாயிலிருந்து வந்த நான்கு வார்த்தையைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் அதன்படி வாழ்ந்திருக்கிறாள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? வாரப் பத்திரிகையின் கேள்வி பதில் பக்கத்துக்கு உரிய கேள்வி போலத்தான் இருக்கிறது. அறிகுறிகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். அந்தப் பட்டியல் தேவைதான், பின்னால் அதற்கும் வருகிறேன். ஆனால் பட்டியல் தெரிந்தவர்களும் போகாமல் இருக்கிறார்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே இதில் மருத்துவ அறிவைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது. ஒன்றைச் 'சின்னது' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? எனக்குப் பல வருஷமாக இதுதான் கேள்வி.

*

தமிழில் ஒரு விசேஷம் உண்டு. நாம் டாக்டரைக் 'கலந்தாலோசிப்பது' எழுத்தில் மட்டும்தான். பேச்சில் காட்டுகிறோம். "கண்ணைக் காட்டினியா?" "குழந்தையை யார்கிட்ட காட்டுறீங்க?" "ஒரு தடவை காட்டிட்டு வந்துடு." ஜாதகத்தையும் இப்படித்தான் காட்டுகிறோம். என்னிடம் இருப்பதுதான், ஆனால் என்னால் படிக்க முடியாதது. அதை இன்னொருவர் கண்ணுக்கு முன்னால் வைப்பதுதான் காட்டுவது.

காட்டுவதற்கு முதலில் கூச்சம் போக வேண்டும். கூச்சம் ஒரு ஆளின் சுபாவம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஊர் சேர்ந்து கட்டும் சுவர் அது. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் திண்டிவனத்தில் 1890 வாக்கில் நடந்த ஒரு இரவைப் பற்றி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கைக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஐடா ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயதுதான், டாக்டரும் இல்லை. அவருடைய அப்பா டாக்டர். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி வந்தார்கள். அப்பா வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1900இல் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்.

அன்றைக்குத் திண்டிவனத்தில் டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். நோயும் கண்ணுக்குத் தெரிந்தது. காட்டுவதற்குத்தான் வழி இல்லை. நூற்றி இருபது வருஷம் கழித்து எங்கள் மொட்டை மாடியில் அக்கா புடவைக்கு மேலாகக் கையை வைத்துக் காட்டியபோதும் அந்தச் சுவரில் பாதி நின்றுகொண்டுதான் இருந்தது. தன்னால் முடிந்த அளவு அவள் காட்டிவிட்டாள், தம்பியிடம் அதற்கு மேல் எப்படிக் காட்டுவாள்? மிச்சத்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் முதல் ஏழு குறள்களில் வைத்தியரைக் கூப்பிடவே இல்லை. அளவு மீறினால் நோய், பசித்துச் சாப்பிடு, செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடு என்பதுதான் பேச்சு. கடைசி மூன்றில்தான் வைத்தியம் வருகிறது. பத்தாவது குறளில் மருத்துவத்துக்கு நான்கு பங்கு என்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். நான்காவது ஆள் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் வகுப்பில் படித்தபோது நினைத்திருந்தேன். இப்போது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அவர் வேலை ஆரம்பித்துவிடுகிறது என்று தோன்றுகிறது.

*

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உடம்பைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர் ரமணரைக் கொண்டுவந்துவிடுவார். "பகவானுக்கே புற்று வந்தது. கையை எடுக்கணும்னு டாக்டருங்க சொன்னாங்க, வேணாம்னுட்டார். உடம்பே ஒரு நோய்தானே?" என்பார்கள். டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் இந்த ஊரில் கிடைக்காது. ஆனால் நடந்ததை முழுதாகப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1896ஆம் வருஷத்தின் நடுவில், மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டரையோ வீட்டுப் பெரியவர்களையோ கேட்க வேண்டும் என்றே தனக்குத் தோன்றவில்லை, அதை அங்கேயே தானே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். செத்தவன் போலப் படுத்து, சாவது யார் என்று பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியபோதும் அவருக்கு உறைக்கவில்லை. மற்றவர்கள்தான் வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இது ஆரம்பம். 1914இல் அம்மா அழகம்மாள் மகனைப் பார்க்க வந்து, இங்கே கடுங்காய்ச்சலில் விழுந்தார். டைபாய்டு என்றார்கள். தன் தொடைப் புண்ணைக் கவனிக்காத அந்த மகன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அருணாசலரிடம் வேண்டிப் பாட்டும் எழுதினார். உடம்பு பொய் என்பதை அவர் தன் உடம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார், அம்மாவின் உடம்புக்கு அதைப் பொருத்தவில்லை. இந்த ஒரு வேறுபாடு போதும், நம் பேச்சில் பாதி அடிபட்டுப் போகும்.

1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். சீக்கிரமே திரும்ப வந்தது. மார்ச்சில் மறுபடி அறுவை. எடுத்ததைச் சோதித்ததில் சார்கோமா என்று தெரிந்தது. தசை, எலும்பு போன்ற இடங்களில் வரும் புற்று அது. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது முறை, டிசம்பரில் நான்காவது முறை. நடுவில் பச்சிலை, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47க்கு மூச்சு நின்றது.

கையை எடுக்க வேண்டாம் என்றவர், அதற்கு முன்னும் பின்னுமாக நான்கு முறை அதே கையை நீட்டியிருக்கிறார். எந்த வைத்தியத்தையும் அவர் கேட்கவில்லை, வந்ததைத் தள்ளவும் இல்லை. வைத்தியம் வேண்டும் என்பது உங்கள் ஆசை, என்ன செய்யலாம் என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள் என்கிற பாவனைதான் அந்த ஒரு வருஷம் முழுக்க இருந்தது. கட்டுப்போட்ட கையோடு தரிசனத்துக்கும் உட்கார்ந்தார், வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தன்னுடையது என்று நினைக்காத உடம்பை மற்றவர்களிடம் காட்டுவதில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை. நாம் அதற்கு நேர் எதிர். "என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி மூடிக்கொள்கிறோம். அப்படி மூடிக்கொள்பவர்தான் அவரைச் சாட்சிக்கு இழுக்கிறார்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. அந்தக் கட்டியை யாரும் வருஷக்கணக்கில் அலட்சியம் செய்யவில்லை. பார்த்தார்கள், சில மாதத்துக்குள் எடுத்தார்கள். அப்படியும் அது திரும்பி வந்தது. காட்டுவது மரணத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஆகாது. சீக்கிரம் காட்டினால் பெரும்பாலும் நல்லது, அவ்வளவுதான். அக்காவை அந்தத் தீபம் முடிந்த மறுநாளே அழைத்துப்போயிருந்தால் இன்றைக்கு இருப்பாளா? மார்புக் கட்டியைப் பொறுத்தவரை வாய்ப்பு நிறையக் கூடியிருக்கும். ஆனால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. நான் வருந்துவது அவள் இறந்ததற்கு மட்டும் என்றால் இந்தக் கணக்கில் ஏதாவது ஆறுதல் கண்டுபிடித்திருப்பேன். அவள் காட்டியபோது நான் பார்க்கவில்லை என்பதற்கு எந்தக் கணக்கும் உதவுவதில்லை.

*

இதற்கு மறுபக்கமும் உண்டு. என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அத்தை போன பிறகு அவனுக்கு உடம்பு ஒரு சந்தேக ஆசாமியாக ஆகிவிட்டது. ஒரு முறை இடது கண் இமை பத்து நாள் துடித்தது. எங்கள் அம்மா காலத்தில் கண் துடித்தால் பலன் கேட்பார்கள், இவன் போனில் கேட்டான். இரண்டிலும் கெட்ட பலன்தான் முதலில் கண்ணில் படும். நரம்பு நோய் என்று முடிவு பண்ணிக்கொண்டு மூளைக்கு ஸ்கேன் எடுத்தான். இமைத் துடிப்புக்குக் காரணம் எதுவும் இல்லை, ஆனால் வேறு ஒரு இடத்தில் சின்னப் புள்ளி இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்று வந்தது. அந்த ஆறு மாதமும் அவன் தூங்கவில்லை. மறுபடி எடுத்தபோது அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார்கள். இமைத் துடிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது, ராத்திரியில் போனைப் பார்ப்பதைக் குறைத்ததும்.

ஒருத்தர் மட்டும் இல்லை, ஒரு நாடே இப்படி மாட்டிக்கொண்டது உண்டு. தென்கொரியாவில் 1999இல் அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் கூடுதல் பணத்துக்குக் கழுத்தையும் ஸ்கேன் செய்து தர ஆரம்பித்தன. 2011இல் தைராய்டு புற்று என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ அப்படியே இருந்தது. கண்டுபிடித்ததில் மிகப் பெரும்பாலானவை ஆளைக் கொல்லாத கட்டிகள், ஆயுசு முழுக்கத் தொந்தரவு கொடுக்காமல் இருந்திருக்கக் கூடியவை. கண்டுபிடித்தபிறகு சும்மா விட முடியுமா? பெரும்பாலோருக்குத் தைராய்டை எடுத்தார்கள். தினமும் மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பில் சேதம்.

இங்கேயும் 'மாஸ்டர் செக்கப்' விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். உடம்பு காட்டியதை நாம் கொண்டுபோய்க் காட்டுவது ஒன்று. உடம்பு எதையும் காட்டாதபோது பயத்தில் தோண்டிப் பார்ப்பது வேறு. ஆனால் இதையும் ஒரு சூத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பல வருஷம் எதையும் காட்டாமல் உள்ளே வேலை செய்பவை. அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் தோள்பையோடு எங்கள் தெருவுக்கு வந்து பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். "இன்னாம்மா, மாத்திரை போடுறியா?" என்று வாசலில் நின்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் பாதி வைத்தியம் இருக்கிறது. எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்பதைப் பயத்திடம் விடாமல், அதைப் படித்தவர்களிடம் விட வேண்டியிருக்கிறது.

ஓடிக்கொண்டே இருப்பவனும் ஒளிந்துகொள்பவளும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மகனிடமும் அக்காவிடமும் இருந்தது ஒரே பயம். ஒருவருக்கு அது காலில் இறங்கியது, இன்னொருவருக்கு வாயை அடைத்தது.

*

பட்டியலுக்கு வருகிறேன் என்றேன். டாக்டர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தவரை அதில் இரண்டு கேள்விகள்தான் அடிப்படை. எத்தனை நாளாக? மாறுகிறதா?

ஜலதோஷம், வயிற்று வலி, தசைப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளில் தானே போய்விடும். போகவிடலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும் என்று காசநோய்த் திட்டத்தின் சுவரொட்டியே சொல்கிறது. இரண்டு மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் இளைப்பது, மாதவிலக்கு நின்றபிறகு மறுபடி ரத்தம் படுவது இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிதாகிக்கொண்டே போகும் கட்டி, எடுத்தபிறகும் அதே இடத்தில் திரும்ப வரும் கட்டி, மார்பில் புதிதாக வந்த எந்தக் கட்டியும் அப்படித்தான். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினாலோ, ஒரு பக்கம் கைகால் திடீரென்று விழுந்தாலோ நாள் கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்குதான்.

இதில் வலி என்ற வார்த்தை எவ்வளவு குறைவாக வருகிறது பாருங்கள். நாம் வலியைத்தான் நீதிபதியாக வைத்திருக்கிறோம். வலித்தால் பெரியது, வலிக்காவிட்டால் சின்னது. கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்குக் கிட்டே இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். அந்தச் சின்ன இடுக்கில் ஊர்ந்து வெளியே வந்தால் இடுப்பு வலி போகும் என்று நம்பிக்கை. பௌர்ணமி அன்று வரிசை நிற்கும். வலிக்கு நம் ஊரில் கோயிலே இருக்கிறது, மரத்துப்போனதற்கு எதுவும் இல்லை. அதே பாதையில் 14 கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடக்கும் கூட்டத்தில் சர்க்கரைக்காரர்கள் எத்தனையோ பேர். பாத நரம்பு செத்துப்போனவர்களுக்குக் கல் குத்துவதும் கொப்புளம் உடைவதும் தெரியாது. வலிக்கவில்லை என்பதுதான் அங்கே ஆபத்தே. அதே 'வலி இல்ல' என்பதைத்தான் அக்கா சொன்னாள். அதை வைத்துத்தான் நானும் தீர்ப்புச் சொன்னேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால், எண்ணெய் தேய்த்துவிடும்போது என் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கட்டியைப் பார்த்தது என் மனைவிதான். எனக்கு அது தெரியவே தெரியாது. கை எட்டாத இடம். "காட்டிட்டு வாங்க" என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன். பேப்பர் திருத்தி முடியட்டும் என்றேன். மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதத்தில்தான் அக்காவைக் கொஞ்சம் புரிந்துகொண்டேன். காட்டாதவரை நான் ஒரு கட்டி உள்ள ஆள், அவ்வளவுதான். காட்டிவிட்டால் நான் யார் என்பதை வேறு ஒருவர் சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்காமல் இருக்க எவ்வளவு காரணம் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அக்காவுக்கு என் 'ஒண்ணும் இருக்காது' அப்படி ஒரு காரணமாக உதவியிருக்கிறது. அவள் என்னிடம் வந்தது ஒருவேளை அதைக் கேட்கத்தானோ என்னவோ. அப்படியே இருந்தாலும் நான் கொடுத்திருக்கக் கூடாது.

கடைசியில் ஒரு நாள் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்காவுக்குச் சொன்ன மாதிரி உங்களுக்கும் சொல்லிக்காதீங்க" என்றாள். பத்து வார்த்தைகூட இருக்காது. மறுநாள் சாயங்காலம் போனேன்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். விரலால் அழுத்தி, அசைத்து, சுற்றிலும் தடவிப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது, பெரிதாகிறதா என்று கேட்டார். முழுசாக இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "ஒண்ணும் இல்ல சார். கொழுப்புக் கட்டி. பெருசானா வாங்க." முந்நூறு ரூபாய். வெளியே வந்தபோது சந்தோஷத்தோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முந்நூறு ரூபாய் வீண் என்றும் ஒரு எண்ணம் வந்தது.

அன்றைக்கு ராத்திரி கிரிவலம் நடந்தேன். பௌர்ணமி இல்லை, பாதை காலியாக இருந்தது. ரமணாசிரமம் தாண்டி எமலிங்கத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது. டாக்டர் சொன்ன வார்த்தையும் நான் அக்காவிடம் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான். 'ஒண்ணும் இல்ல.' அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சொன்னதில் 'பெருசானா வாங்க' என்று ஒரு கதவு திறந்திருந்தது. நான் சொன்னதில் அது இல்லை. 'சின்னது' என்று சொல்வதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேனே, அது படிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. பார்ப்பதிலிருந்தும், மறுபடி பார்க்கச் சம்மதிப்பதிலிருந்தும் வருகிறது. எண்ணெய் தேய்த்துவிட்ட என் மனைவிக்கு அந்த உரிமை பாதி இருந்தது. அவள் அதை வைத்துக்கொண்டு 'சின்னது' என்று சொல்லாமல் 'காட்டு' என்றாள்.

எத்தனை நாளாக, மாறுகிறதா என்ற இரண்டு கேள்வியோடு நான் இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இது இன்னும் யாருக்குத் தெரியும்? பதில் 'யாருக்கும் தெரியாது' என்றால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலில் வீட்டில் ஒருவரிடமாவது. ஓடிக்கொண்டே இருக்கும் என் மகனுக்கும் இதே கேள்விதான் உதவுகிறது. போனில் தேடுவதற்கு முன்னால் அம்மாவுக்கு போன் பண்ணுகிறான். பாதி பயம் அங்கேயே இறங்கிவிடுகிறது, மீதியை ஒரே டாக்டரிடம் கொண்டுபோகிறான்.

*

எங்கள் தெரு முனையில் இட்லி போடும் ஒரு அம்மா இருக்கிறார். போன மாதம் காலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன்.

"பௌர்ணமிக்குச் சுத்தனப்போ கல்லு குத்திடுச்சு சார். சின்னதுதான்."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம் ஆவுது. வலி ஒண்ணும் இல்ல சார்."

"சக்கரை இருக்கா உங்களுக்கு?"

"அது இருக்குது, பத்து வருஷமா."

"காட்டினீங்களா?"

"எங்க சார், காலைல கடையை விட்டுட்டுப் போனா அன்னிக்கு வியாபாரம் போச்சு. அங்க போனா மதியம் ஆயிடுது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் காசு கிடையாது, ஆனால் ஒரு காலைப்பொழுதின் இட்லியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கும் நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அவர் மூன்று வாரம்தான். காட்டச் சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் அது எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொன்ன மாதிரிதான்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன். அவருடைய மருமகள் கடையைப் பார்த்துக்கொண்டாள், பாதி இட்லியாவது போகும் என்று. ஓ.பி.யில் எங்கள் டோக்கன் 112. உள்ளே 64 போய்க்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் துணியைக் கொஞ்சம் விலக்கி என்னிடம் காட்டினார். குனிந்து பார்த்தேன். சுண்டு விரலுக்குக் கீழே, ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது, எதுவும் சொல்லவில்லை.

"நீங்க போங்க சார், ஸ்கூலுக்கு நேரமாவுது. நான் காட்டிட்டு வந்துடுறேன்" என்றார்.

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். 65 கூப்பிட்டார்கள்.